பைக் சீட்டும் சில இடுப்புகளும்

மோட்டார் சைக்கிளுக்கு சீட் மாற்றிக் கொடுக்கிற தொழிலில் ஒரே சிக்கல் என்னவென்றால், சீட் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் கண் ஒரு பதில் சொல்லும், இடுப்பு வேறொரு பதில் சொல்லும். கண் கடையிலேயே சொல்லிவிடும். இடுப்பு முப்பது கிலோமீட்டர் தாண்டித்தான் வாயைத் திறக்கும்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் பதினோரு வருஷமாக இந்தக் கடையை நடத்துகிறேன். ரெடிமேடாக வரும் சீட்டும் விற்பேன். வண்டியோடு வந்த சீட்டைப் பிரித்து, உள்ளே ஃபோமை மாற்றி, இழைத்து, மேலே புது ரெக்சின் போட்டும் தருவேன். ரெக்சின் தைப்பது செல்வியக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். முன்பு பள்ளிக்கூடப் பை தைத்துக்கொண்டிருந்தார். "பைக்கும் சீட்டுக்கும் இன்னா வித்தியாசம்? அதுல புக்கு, இதுல ஆளு" என்று சொல்லிவிட்டு முதல் நாளே வேலையில் உட்கார்ந்துவிட்டார்.

இதைப் படிக்கிற நீங்களும் வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு நிமிஷம் இடுப்பில் கை வைத்து நிற்கிறவராகத்தான் இருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. அதனால் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

கட்டைவிரல் பரீட்சை

கடைக்குள் வருகிற யாரும் சீட்டில் முதலில் உட்கார மாட்டார்கள். வெந்துவிட்டதா என்று இட்லியைப் பார்ப்பதுபோல கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார்கள். விரல் உள்ளே போனால் நல்ல சீட், போகாவிட்டால் கெட்ட சீட். அவலூர்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் தனசேகர் அப்படித்தான் கடையில் இருந்த எட்டு சீட்டையும் வரிசையாக அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே மெத்தென்று இருந்ததை எடுத்தார். வாரம் மூன்று முறை செஞ்சி வந்துபோகிறவர். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. "உங்க வெயிட்டுக்கு இது அமுங்கிடும்ணே, கொஞ்சம் கெட்டியா இருக்கறத எடுங்க" என்றேன். "கல்லு மேல உக்கார்றதுக்கு நான் எதுக்கு உங்கிட்ட வரணும்?" என்றார். ஒரு நிமிஷம் உட்கார வைத்தேன். முகமெல்லாம் சிரிப்பு. மாட்டி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் வந்தபோது கடை வாசலில் இறங்கி, காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். மெத்தென்ற ஃபோம் அரைமணி நேரத்தில் அப்பளமாகிவிடும். அதற்குப் பிறகு மனிதர் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். எந்த சீட்டைக் கல் என்று தள்ளினாரோ அதையே மாட்டிக்கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போன் செய்து கேட்டேன். வலி போய்விட்டது, கோபம்தான் போகவில்லை. அவர் சொன்னது இதுதான்:

"கடையில ஒரு நிமிஷம் உக்கார வெச்சி அனுப்புனியே, எங்கூட அவலூர்பேட்டை வரைக்கும் வந்திருந்தா பாதி வழியிலயே கழட்டிக் குடுத்திருப்பேன் இல்ல?"

தானாக ஏறி இறங்கும் சீட்

அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம். சீட்டை வண்டியில் மாட்டி இருபது நிமிஷம் அதன்மேல் உட்கார்ந்தே ஆக வேண்டும். போன் பார்க்கலாம், டீ குடிக்கலாம், இறங்கக் கூடாது.

சிங்கவரத்து ஏழுமலை இந்தச் சட்டத்தை மதித்து உட்கார்ந்தவர். விவசாயக் குடும்பம். ஆள் கொஞ்சம் குள்ளம், வண்டியை நிறுத்தினால் கால் நுனிதான் தரையில் படுகிறது. முன்பக்கம் சீட்டின் அகலத்தைக் குறைத்து, ஒன்றரை அங்குலம் இறக்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை சந்தோஷமாகப் போனார். வியாழக்கிழமை நெட்டையாக ஒருவர் வந்தார். "எவனோ சீட்ட சொரண்டி வெச்சிருக்கான்ணா, முட்டி மடங்கி வலி உயிர் போவுது" என்றார். ஃபோம் ஒட்டி உயர்த்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஏழுமலை திரும்பி வந்தார். "நீ எறக்கன சீட்டு தானா ஏறிக்கிச்சி" என்றார். மழையில் ஃபோம் ஊறி உப்பியிருக்கும் என்று நினைத்து மறுபடி இறக்கினேன். நான்கு நாளில் நெட்டை வந்தார்.

செல்வியக்காதான் நெட்டையின் சீட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஏழுமலைக்கு முதல் முறை தைத்த அன்று கறுப்பு நூல் தீர்ந்துபோய் உள்பக்கத்தில் நீல நூல் ஓட்டியிருந்தார். அந்த நீல நூல் அங்கே இருந்தது. விசாரித்தால் இருவரும் அண்ணன் தம்பி. நிலம் பிரித்ததில் பேச்சுவார்த்தை இல்லை. வண்டி மட்டும் அப்பா பெயரில் பொதுவாக நின்றுவிட்டது. காலையில் அண்ணன் ஏழுமலை, சாயங்காலம் தம்பி. இருவரையும் ஒரே நேரத்தில் வரவழைத்தேன். ஒருவர் கண்ணாடியைப் பார்த்தார், ஒருவர் ரோட்டைப் பார்த்தார். சாவி போட்டால் கழன்று வருகிற மாதிரி இரண்டு சீட் செய்து ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தேன். அவரவர் முறை முடிந்ததும் சீட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார்களாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வண்டி மொட்டையாக நிற்குமாம். ஒரு மாதம் கழித்து அவர்களுடைய அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். நேராக என்னிடம் வந்து சொன்னார்:

"வண்டி எம் பேர்ல இருக்குது நைனா. எனக்கும் ஒரு சீட்டு போடு."

பின்னால் யாரும் இல்லை

இது என் தப்பும் சேர்ந்தது. வளத்திப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பிரகாஷ் என்று ஒரு வாலிபர் வருவார். செஞ்சியில் போன் கடையில் வேலை. ரேஸ் வண்டி மாதிரி சீட் வேண்டும், பின்பக்கம் குறுகலாகத் தேள் கொடுக்கு மாதிரி தூக்கி நிற்க வேண்டும், ரெக்சின் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்றார். "பின்னாடி யார் உக்காருவாங்க?" என்று கேட்டேன். "யாரும் இல்லண்ணா, நான் மட்டுந்தான்" என்றார். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. சீட் பிரமாதமாக வந்தது. படம் எடுத்துக் கடையில் ஒட்டிக்கூட வைத்தேன்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற வாரத்தில் ஒரு நாள் பிரகாஷ் அந்த சீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். திட்டவில்லை. அம்மா அஞ்சலை பஸ்ஸை விட்டுவிட்டு, மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒருபக்கமாக உட்கார்ந்து வந்திருக்கிறார். ஊர் முனையில் வேகத்தடை. வழுக்கிக் கீழே விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. செல்வியக்கா மிஷினை நிறுத்திவிட்டார். சுவரில் இருந்த படத்தைக் கிழித்தேன்.

மறுநாள் இருவரும் போய்ப் பார்த்தோம். அந்தப் பக்கத்தில் மல்லாட்டை பிடுங்கப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவர் அஞ்சலையம்மாதான். செடி வரிசையில் எல்லோருக்கும் முன்னால் நிரை பிடித்துப் போவது அவர் கைதானாம். நாங்கள் போனபோது மாவுக்கட்டோடு வரப்பில் உட்கார்ந்து மற்றவர்கள் பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பு என்னுதுதாம்மா" என்றேன். எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வந்து பழையபடி அகலமாக, தட்டையாக, சொரசொரப்பான ரெக்சினில் ஒரு சீட் செய்தேன். செல்வியக்கா அதில் ஒருபக்கமாக உட்கார்ந்துகொள்ள, நான் வண்டியைப் போட்டு ஆட்டினேன். ஆட்ட ஆட்ட அவர் "இன்னும், இன்னும்" என்றார். கட்டு பிரித்த பிறகு அஞ்சலையம்மா மகனோடு அந்த சீட்டில் உட்கார்ந்தே கடைக்கு வந்தார். கையை மடக்கி நீட்டிக் காட்டினார். முழுசாக மடங்கவில்லை. கிளம்பும்போது என்னிடம் சொன்னார்:

"இனிமே எவனாவது பின்னாடி யாரும் உக்கார மாட்டாங்கன்னு சொன்னா நம்பாத. அவனுக்கு வூட்ல அம்மா இருப்பா."

மூன்று மாத ஆராய்ச்சி

ஞாயிற்றுக்கிழமையானால் சென்னையிலிருந்து கோட்டையைப் பார்க்க பைக் கோஷ்டிகள் வரும். முழங்கால் கவசம், முதுகு கவசம் எல்லாம் போட்டிருப்பார்கள். அப்படி வந்த ஒருவர் கோட்டை இருக்கிற ராஜகிரி மலைமேல் ஏறவில்லை, எங்கள் கடைக்கு ஏறினார். வெளிநாட்டு ஜெல் சீட். மூன்று மாதம் வீடியோ பார்த்து, கட்டுரை படித்து, உட்காரும் எலும்பின் அகலத்தை அளந்து வாங்கியதாம். இருந்தும் வழியெல்லாம் சறுக்கிச் சறுக்கி டேங்கில் போய் முட்டுகிறதாம். "ஜெல் டென்சிட்டி தப்பா போச்சா, இல்ல நான் உக்கார்ற பாஸ்சரா?" என்று கேட்டார்.

சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஜெல்லில் குற்றமில்லை. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி உட்கார்ந்திருந்தது. சரிவில் யார் உட்கார்ந்தாலும் சறுக்கத்தான் செய்யும். அடித்தட்டின் முன்பக்கத்தில் இரண்டு ரப்பர் துண்டை வைத்து மாட்டினேன். மேல்மலையனூர் வரை ஓட்டிவிட்டு வந்தார். இறங்கினதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "சூப்பர்ணா! இந்த டெக்னாலஜிக்கு பேர் என்ன?" என்று நோட்டு எடுத்தார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். செல்வியக்கா தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்:

"வாஷரு."

ஒற்றை சீட்

வேகமாக ஓட்டுகிறவர்களைப் பற்றி எனக்கு முதலில் ஒரு இளக்காரம் இருந்தது. அதைப் போக்கியவர் வினோத். திண்டிவனத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ரோட்டில் நாற்பதைத் தாண்ட மாட்டார். ஆனால் சென்னைப் பக்கம் ரேஸ் டிராக்கில் பொதுமக்களை ஓட்டவிடும் நாட்களில் லீவு போட்டுவிட்டுப் போய்விடுவார். வளைவில் உடம்பை ஒருபக்கம் இறக்கி ஓட்ட வேண்டும், அதற்கு சீட் விளிம்பு உருட்டலாக இருக்க வேண்டும், பிரேக் பிடித்தால் முன்னால் வழுக்கக் கூடாது, முடுக்கினால் பின்னால் போகாமல் இடுப்புக்கு ஒரு தடுப்பு வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். இவ்வளவு தெரிந்து வந்த கஸ்டமர் அதற்கு முன்பு வந்ததில்லை. கெட்டி ஃபோமை நான்கு தடவை இழைத்தேன். அவர் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து, கண்ணை மூடி, இடது வலதாக நகர்ந்து, "இங்க ஒரு நூல் அளவு எடுங்கண்ணா" என்றார். கடைசியில் வந்தது ஒற்றை சீட். பின்னால் வெறும் மூடிதான்.

நடுவில் அவருக்குக் கல்யாணம் ஆனது. ஒரு நாள் அவர் வண்டியில் முன்னால் வர, மனைவி கௌரி பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார். திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். வினோத் முகத்தில் ஈயாடவில்லை. "பழைய சீட்டே மாட்டிடுங்கண்ணா. ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்குப் போவணும் இல்ல" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. நான்கு தடவை இழைத்தது. பழைய சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம். கௌரி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா வண்டியில் பத்தாவது படிக்கும்போதே பழகியதாம், வினோத்துக்கே அது தெரியாது. கால்மணி நேரம் நாங்கள் இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வந்து நிறுத்தியபோது துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தார். சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"இந்த சீட்டே இருக்கட்டும்ணா. அவருக்கு நான் பஸ் பாஸ் எடுத்துக் குடுத்துடறேன்."

நான்காவது சீட்

சம்பத் சார் சீயமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். செஞ்சியில் வீடு. மனைவிக்கு இங்கே வேலை, மகளுக்கு இங்கே படிப்பு. தினம் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் வண்டிதான். பஸ்ஸில் போனால் முதல் பீரியடு முடிந்துவிடும். இடுப்பில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, வண்டியைத் தொடாதே என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சார் நேராக என்னிடம் வந்தார். "இந்த வருஷம் மட்டும் ஓட்டிட்டா போதும் குமார், அப்புறம் எப்படியும் டிரான்ஸ்ஃபர் கெடைச்சிடும்" என்றார்.

முதலில் கெட்டி ஃபோமில் அகலமாக ஒரு சீட் செய்தேன். ஒரு வாரம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு நடுவில் பள்ளம் விட்டு, எலும்பு படாத மாதிரி இரண்டாவது. பிறகு ஜெல் வைத்து மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் நன்றாக இருக்கும். எனக்கும் ஒரு பெருமை வந்துவிட்டது, இவர் வலியை நாம் தீர்த்துவிடலாம் என்று. நான்காவது தடவை வந்தபோது வண்டியிலிருந்து வலது காலைத் தூக்கி எடுக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பேண்ட்டைப் பிடித்துக் காலைத் தூக்கி வெளியே வைத்தார். அந்தக் கால் தரையில் பட்டது அவருக்குத் தெரியவில்லை, குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். "அடியில ஸ்பிரிங் மாதிரி ஏதாவது வெச்சி ஒண்ணு பண்ணேன்" என்றார். செல்வியக்கா என்னைப் பார்த்தார்.

"செய்ய மாட்டேன் சார்" என்றேன். "கோளாறு சீட்ல இல்ல. நான் எத்தன செஞ்சாலும் நீங்க ஓட்டிக்கினே இருப்பீங்க. கால் போயிடும் சார்." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வியாபாரம் தெரியாதவன் என்றார், திருவண்ணாமலையில் செய்ய ஆள் இருக்கிறான் என்றார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சார் மறுபடி வண்டியில் ஏறுவதற்குப் பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டேன். அடுத்த சில மாதம் சாருடைய வண்டி நிறத்தில் எது போனாலும் தலை தானாகத் திரும்பும். ஒருவேளை இன்னொருவர் சீட் செய்துகொடுத்திருப்பாரோ, அது நான் செய்ததைவிட நன்றாக இருந்துவிட்டால் இன்னும் மோசம் அல்லவா என்றெல்லாம் ஓடும்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் சம்பத் சார் நடந்து வந்தார். கையில் மஞ்சள் பையில் வெள்ளரிப் பிஞ்சு. சாய்ந்து நடக்கவில்லை. ஆபரேஷன் ஆகிவிட்டதாம். காலில் உணர்ச்சி திரும்பிவிட்டதாம், சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்திருக்கிறதாம். வண்டியை விற்றுவிட்டு, பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறார். மகள் வாரம் முழுக்கக் கணக்கில் சந்தேகத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை கேட்கிறாளாம். டிரான்ஸ்ஃபர் இன்னும் வரவில்லை. அன்றைக்குக் கத்தியதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. வெள்ளரிப் பிஞ்சைச் செல்வியக்காவிடம் கொடுத்துவிட்டு, நான் போட்ட ஸ்டூலில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்து சொன்னார்:

"ரெண்டு டாக்டரு சொன்னாங்க, நான் கேக்கல. சீட்டு விக்கிறவனே சீட்டு வேணாம்னு சொன்னதுக்கு அப்புறந்தான்பா எனக்கு பயமே வந்துது."

ஆக, சொகுசாக உட்காருவது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிற இந்த வேலையை, நான் காலை ஒன்பது மணியிலிருந்து நின்றுகொண்டேதான் செய்கிறேன்.